செல்வராசு சாருக்கு நான் எழுதிய மனு

18.6.2007, திங்கள்

காலையிலேயே வெயில். பள்ளி திறந்தாகிவிட்டது, இசை வகுப்புக்கு இன்னும் அறை தரவில்லை. ஆறாம் வகுப்பை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து சரளி வரிசை. பக்கத்தில் பி.டி. சார் விசில். இரண்டுக்கும் சுருதி சேரவில்லை.

இசை ஆசிரியர் சங்க வேலை பாக்கி:
ஆர்மோனியம் பழுதான பள்ளிகள் பட்டியல். ஏழு பேர்தான் அனுப்பியிருக்கிறார்கள்.
சென்னைக்கு, மாநிலத் தலைவருக்கு போன்.
செ. சார் மனு.

செ. சார், செல்வராசு. வீடு சிதம்பரம், பள்ளி காட்டுமன்னார்கோயில் தாண்டி. இரண்டு பஸ், வழியெல்லாம் புழுதி. போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து காற்றுதான் வருகிறது, குரல் இல்லை. இப்போது சிதம்பரத்திலேயே ஒரு பள்ளியில் இசை ஆசிரியர் ஓய்வு பெற்று இடம் காலி. அதை அவருக்கு வாங்கித் தர வேண்டும். மாவட்டச் செயலாளர் என்று லெட்டர்பேடில் பேர் போட்டுக்கொள்கிறேன், இதுகூடச் செய்யாவிட்டால் அப்புறம் எதற்கு.

20.6, புதன்

சாயந்திரம் செ. சாரும் அவர் மனைவி மங்கையும் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே. டீ வேண்டாம், சூடு ஆகாது என்றார்கள். மோர் கொடுத்தேன். அவர் உதட்டை அசைக்க, மங்கை சத்தமாகச் சொல்கிறாள்.

"தொண்டைன்னு எழுத வேணாங்கறாரு டீச்சர். ஒடம்பு சரியில்லன்னு மட்டும் போட்டாப் போதுமாம்."

"அப்படிப் போட்டா யாரு படிப்பாங்க? ஒடம்பு சரியில்லாதவங்க மனு அங்க மூட்டை மூட்டையாக் கெடக்கு."

அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. இரண்டு தடவை. நான் சரி என்றேன்.

அவர் வகுப்பைப் பிப்ரவரியில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு விரல் காட்டினால் ச, இரண்டு விரல் ரி, இப்படி ஏழு வரைக்கும். கையை உயர்த்தினால் மேல் ஸ்தாயி. அறுபது பிள்ளைகள் அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜண்டை வரிசை பிசிறில்லாமல் வந்தது. என் வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்தியும் வராது. பொறாமையாகத்தான் இருந்தது. ஹெச்.எம். நல்ல மனுஷர், விஷயத்தை வெளியே விடவில்லை.

22.6, வெள்ளி

மனு எழுதினேன். முதல் நகலில் "உடல்நலக் குறைவு காரணமாக". படித்துப் பார்த்தால் உப்புச் சப்பில்லை. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில், "குரலை முற்றிலும் இழந்த நிலையிலும் மாணவர்க்கு இசை புகட்டி வரும் இவ்வாசிரியர்". எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவரிடம் கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் படித்துவிட்டு, "கல்லும் கரையும்டி" என்றார். பெருமை. மத்தியானம் மஞ்சக்குப்பம் போய் கல்வி ஆபீசில் நேரில் கொடுத்து சீல் வாங்கி வந்தேன். வரும் வழியில் அரை கிலோ சங்கரா மீன். முள் ஜாஸ்தி.

9.7, திங்கள்

மங்கை போன். செ. சாருக்கு ஆபீஸ் கடிதம் வந்திருக்கிறது. இசை ஆசிரியர் பணிக்குத் தகுதி உள்ளவரா என்று மருத்துவக் குழு முன் ஆஜராக வேண்டும். பார்வை என்ற இடத்தில் சங்கத்தின் மனு, தேதியோடு. "குரலை முற்றிலும் இழந்த" என்பது அப்படியே, மேற்கோள் குறிக்குள்.

"தொண்டைன்னு எழுதிட்டீங்களா டீச்சர்?"

ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சரி டீச்சர், அவுரு பக்கத்துலதான் இருக்காரு, வெச்சிடறேன்."

சோறு வடிக்க மறந்து குழைந்துவிட்டது. எனக்கு எழுத வருகிறது என்பதைக் காட்ட ஒரு மனுஷனின் ரகசியத்தை எடுத்து ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

19.7, வியாழன்

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செ. சார் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டு. என்னைப் பார்த்து எப்போதும்போலக் கும்பிட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாக்டர் சின்ன வயசு, மரியாதையான ஆள். தொண்டைக்குள் பார்த்தார். பிறகு, "சார், ச ப ச மட்டும் சொல்லுங்க."

வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. காற்று. மறுபடியும் முயற்சி செய்தார். மங்கை சுவரைப் பார்த்து நின்றாள்.

செ. சார் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். "பிள்ளைகள் பத்துப் பேரை அழைத்து வந்து பாடவைத்துக் காட்ட அனுமதி வேண்டும்."

டாக்டர் படித்துவிட்டு, "ஃபாரத்துல அதுக்கு எடம் இல்லீங்க சார். பாட முடியுமா, முடியாதா, அவ்ளோதான் கேட்டிருக்காங்க."

நான் நடுவில் புகுந்து விரல் விஷயத்தைச் சொன்னேன், செயலாளர் என்ற முறையில். பொறுமையாகக் கேட்டார். "மேடம், நீங்க குடுத்த மனுவுலயே முற்றிலும்னு போட்டிருக்கீங்க" என்றார்.

6.8, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. மாற்றுப் பணி. அதே சம்பளம், சிதம்பரம், நாங்கள் கேட்ட அதே பள்ளி. அலுவலகத்தில் பதிவேடுகள் பராமரிப்பு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கு.

எல்லோரும் நல்லதுதானே என்கிறார்கள். பி.டி. சார்: "சம்பளம் போவல, அலைச்சல் இல்ல, வேற என்னா வேணும்?" ஸ்டாஃப் ரூமில் வாக்குவாதம். நான் கொஞ்சம் அதிகமாகக் கத்திவிட்டேன். அவர் மேல் என்ன தப்பு.

18.8, சனி

சிதம்பரம் போனேன். பள்ளி வேலை நாள். செ. சார் பீரோவுக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பழைய டி.சி. புத்தகங்களுக்கு அட்டை போட்டு வருஷவாரியாக எண் எழுதுகிறார். அழகான எழுத்து.

இசை அறை அதே வராண்டாவில் கடைசி. பூட்டு. இன்னும் யாரையும் போடவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனது எதுவும் வரவில்லை, "தப்புப் பண்ணிட்டேன் சார்" மட்டும் வந்தது. அவர் உதடு அசைந்தது. மங்கை பக்கத்தில் இல்லை, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பேப்பர் நீட்டினேன். எழுதவில்லை. பியூனைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொல்லி சைகை செய்தார். குடித்துவிட்டு வந்தேன்.

25.8, சனி

தலைவர் போன். மாநாட்டு அறிக்கைக்கு மாவட்டச் சாதனைகள் வேண்டுமாம்.

"செல்வராசு டிரான்ஸ்பர் போடுங்க டீச்சர். கேட்ட ஊரு கெடச்சிச்சா இல்லியா?"

போட மாட்டேன் என்றேன். சிரித்தார். பிறகு, "இன்னொண்ணு. விதிப்படி இசை ஆசிரியரா இருக்கணும், இல்ல இசை ஆசிரியரா ஓய்வு பெத்திருக்கணும். அவுரு ரெண்டும் இல்ல. உறுப்பினர் பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க."

"அவர் எழுதிக் கொடுக்கட்டும், எடுக்கிறேன்."

"புதுப்பிக்கிற ஃபாரம் எல்லாருக்கும் போயிருக்கில்ல. வந்தா பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

2.9, ஞாயிறு

ராத்திரி மழை, காலையில் தூறல். மாதா கோயில் பூசைக்குப் பாடல் குழுவில் ஆல்டோ குரல் பெண்கள் இரண்டு பேர் வரவில்லை. பாட்டு ஒரு மாதிரி. எனக்கும் பாடப் பிடிக்கவில்லை, வாயை மட்டும் அசைத்தேன்.

நேற்றைய தபாலைப் பிரித்தேன். புதுப்பித்தல் படிவங்கள் பதினொன்று. செ. சாருடையதும் இருக்கிறது. பேர், அப்பா பேர், பிறந்த தேதி, முகவரி, தேர்ச்சி பெற்ற இசைத் தேர்வுகள் ஹையர் கிரேடு வரைக்கும், எல்லாம் அந்த அழகான எழுத்தில். கீழே கையெழுத்து. பதவி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்.

பேனாவைத் திறந்தேன். இரண்டு வார்த்தைதான், இசை ஆசிரியர். நிரப்பி சீல் வைத்தால் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை.

மூடிவிட்டேன். இந்தத் தடவை அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது. கேட்கலாம் என்று போனை எடுத்தேன். மங்கைதான் எடுத்தாள். அவரிடம் கொடு என்றேன். மூச்சு கேட்டது. எனக்குக் கேள்வி வரவில்லை. இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.