எண்பதாவது நிமிடத்தில் எழுந்து போனவருக்கு

மைத்துனர் அவர்களுக்கு,

இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே கால்பந்து அணிக்காக நாம் அருகருகே அமர்ந்து தோற்று வந்திருக்கிறோம். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஆனால் சென்ற சனிக்கிழமை அரையிறுதியில், நம் அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்த எண்பதாவது நிமிடத்தில், "இது தேறாது மச்சான். இப்பவே கிளம்பினாத்தான் வண்டிய வெளிய எடுக்க முடியும்" என்று சொல்லித் தாங்கள் எழுந்து போனீர்கள். அதன் பிறகு நாம் மூன்று கோல் அடித்தோம். ஒவ்வொரு கோலுக்கும் தங்களைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினேன். காலி நாற்காலிக்கு அப்பால் இருந்த, முன்பின் அறியாத ஒருவர்தான் கிடைத்தார். மூன்றாவது கோலுக்கு அவர் அழுது, என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதையும் பொறுத்தேன். மறுநாள் சாப்பாட்டு மேசையில், "மூணாவது கோல் இருக்கே, என் கண்ணு முன்னாடிதான் வளைஞ்சு உள்ள போச்சு" என்று தாங்கள் கையை வளைத்துக் காட்டினீர்கள். என் தங்கை, "அப்படியாண்ணா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன். முப்பது ஆண்டுகளாகத் தர்க்கவியல் கற்பிக்கிறவனை ஒரே சொல்லில் பொய்யனாக்கிவிட்டீர்கள்.

இறுதிப் போட்டிக்கு இரண்டு சீட்டு எடுத்துவிட்டேன். தங்களுடையது சுவரை ஒட்டிய இருக்கை. வெளியேற வேண்டுமானால் என் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அவற்றை நான் நகர்த்துவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மனைவியின் அண்ணன்