சேத்துப் பன்னிங்க என்று எங்களுக்கு வைத்த பேர்

நாஷ்வில், அக்டோபர் 1928

அன்புள்ள அம்மாவுக்கு, வெர்லின் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

சனிக்கிழமை முதல்முறையாக ரேடியோவில் பிடில் வாசித்தேன். நானும் பாஞ்சோ வாசிக்கும் ஹோபர்ட்டும் கோட்டு சூட்டில் போயிருந்தோம். ரேடியோ நிலைய மேனேஜர் ப்ரூஸ்டர் எங்களைப் பார்த்ததும் கிழிந்த கால்சட்டையையும் வைக்கோல் தொப்பியையும் நீட்டினார்.

“மலைக்காரன்னா மலைக்காரன் மாதிரி இருங்கப்பா. பூட்ஸையும் கழட்டுங்க.”

“ரேடியோவுல உடுப்பு யாருக்குய்யா தெரியும்?” என்றான் ஹோபர்ட்.

“பேப்பர் போட்டோவுல தெரியும்ல? இனிமே உங்க பேரு சேத்துப் பன்னிங்க.”

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வெளியே இன்னும் ஆறு பிடில்காரர்கள் காத்திருந்தார்கள். போட்டுக்கொண்டேன், அம்மா. யாரோ ஒருவனின் வியர்வை நாறிய அந்த உடுப்பைவிட, அதில் இளித்துக்கொண்டு நின்ற என்மேல்தான் எனக்கு அருவருப்பு. இரண்டு தடவை குளித்தும் போகவில்லை.

உலர்ந்த ஆப்பிள் கொஞ்சம் அனுப்புங்கள், கம்பளிக் காலுறையும். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பேச ஆளில்லை, அதனால் நீளமாக எழுதுங்கள். பேப்பரில் படம் வந்தால் பார்க்காதீர்கள். வரும் சனிக்கிழமை நம் ஊர் மளிகைக் கடை ரேடியோவில் கேளுங்கள். முதல் பாட்டு முடிந்ததும் என் பேரையும் நம் மலையூரின் பேரையும் நானே சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மகன்
வெர்லின் டாக்கெட்