அமோராவின் கழுத்துக்கு ஒரு மணி

மோந்த்தெ தா ஃபிகெய்ரா,
மேர்த்தொலா அருகில்.
27 ஜூன் 1993

அன்புள்ள அண்ணன் லியோனெலுக்கு,

தங்கை தியோலிந்தா எழுதுவது. இங்கே நானும் இவரும் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, அண்ணிக்கு ரத்தக்கொதிப்பு குறைந்ததா, லக்சம்பர்க்கில் வெயில் எட்டிப் பார்த்ததா என்றெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். அதுதான் முறை. ஆனால் என்னால் முடியவில்லை அண்ணா. ஜெயித்துவிட்டோம்! முதலில் இதைப் படி. இடுப்பு வலியைப் பிறகு விசாரிக்கிறேன்.

வியாழக்கிழமை கன்றுச் சந்தை. நம்முடைய ஒன்பது கன்றுகள் எடைமேடை ஏறின. சராசரி இருநூற்றெழுபது கிலோ. பக்கத்து நிலத்து ஜனுவாரியோவின் கன்றுகள் இருநூற்று அறுபத்து மூன்று. அவருடையவை மூட்டை மூட்டையாகத் தீவனம் தின்று வளர்ந்தவை. நம்முடையவை தாய்ப்பாலும் தக்கை மரத்தடிப் புல்லும் தவிர வேறெதையும் வாயில் வைக்காதவை. எடைபோடுகிறவர் மைக்கில் சொன்னபோது என் காதையே நான் நம்பவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்தேன். செஃபெரீனோவைத்தான் உனக்குத் தெரியுமே, பல்லைப் பிடுங்கினாலும் வார்த்தை வராது. "ஏழு" என்று மட்டும் சொன்னார். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். வீடு வந்து சேரும் வரை அவ்வளவுதான் பேச்சு.

புத்தாண்டுக்கு நீ எழுதிய கடிதத்தை இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். தைல மரக் கம்பெனிக்காரன் இருபத்தைந்து வருஷத்துக்கு நிலத்தைக் கேட்கிறான், பாதி என் பெயரில் இருக்கிறது, மாட்டைக் கட்டிக்கொண்டு நீ ஏன் வெயிலில் சாகிறாய் என்று எழுதியிருந்தாய். ஜூன் சந்தையில் உன் கன்றுகள் ஜனுவாரியோவின் கன்றுகளைவிட ஒரே ஒரு கிலோ கூடுதலாக நின்றாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், குறைந்தால் நீ போட வேண்டும் என்று பந்தயம் கட்டினாய். மறு தபாலிலேயே நான் சரி என்று எழுதினேன். சின்னச் சிவப்பு மாடுகளை வைத்துக்கொண்டு இவள் எங்கே ஜெயிக்கப் போகிறாள் என்ற தைரியம் உனக்கு. அண்ணியிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். பாவம், உனக்கு ஒரு விஷயம் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். எட்டரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எண்பத்து நான்கு இலையுதிர்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நீ லாரியில் கொண்டு வந்து இறக்கிய வெள்ளைப் பிரெஞ்சுக் காளைக்கு முதல் கன்றுகள் பிறந்த வருஷம். மழை பிந்திவிட்டது, மாடுகள் எலும்பும் தோலுமாக இருந்தன. கன்றுகளோ வயிற்றுக்குள்ளேயே பெருத்துவிட்டன. முதல் ஈற்றுக் கிடாரிகள் இரண்டு போயின. மூன்றாவதாக, கழுத்தில் மணியோடு மந்தையை நடத்திப் போகும் மணிமாடு செரெஜாவே போனாள். பதினைந்து வயதுக் கிழவி. அவள் கன்றை நீயும் இவரும் கயிறு கட்டி இழுத்து எடுத்தீர்கள். கன்று பிழைத்தது, அவள் எழுந்திருக்கவில்லை. நீ அவள் கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: "வெள்ளைக் காளைக்கு விழுந்த கன்னு ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது. முதல் லாரியிலயே ஏத்திடு. என் கண்ணுல படவே கூடாது." கிறிஸ்துமசுக்கு முன்னால் நீ ஊரை விட்டே கிளம்பிவிட்டாய்.

எல்லாவற்றையும் விற்றுவிட்டேன் என்று அப்போது உனக்கு எழுதினேன். காளைக்கன்றுகளை விற்றது உண்மை. பெண் கன்றுகள் ஒன்பதையும் விற்கவில்லை. லாரி வந்த அன்று அவற்றை ஆற்றங்கரைச் சரிவில் விட்டு மறைத்தேன். செரெஜாவின் கன்றை மட்டும் வெள்ளாட்டுப் பட்டியில் போட்டு, ஆட்டுப்பால் கொடுத்து, உன் பழைய கம்பளிக் கோட்டால் போர்த்தி வளர்த்தேன். அந்தக் கோட்டைப் பற்றி நீ இரண்டு கடிதத்தில் கேட்டாய், நான் பூச்சி அரித்துவிட்டது என்று எழுதினேன். அதுவும் பொய். பொத்தான் மொத்தத்தையும் அவள் மென்று தின்றுவிட்டாள். அவளுக்கு அமோரா என்று பெயர் வைத்தேன். நம் வீட்டு மாடுகளுக்குப் பழத்தின் பெயர்தானே வழக்கம்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாய். இரக்கம் என்று சொன்னால் அழகாக இருக்கும். அதில்லை. அந்தக் கன்றுகள் நிற்கும் தினுசைப் பார்த்தேன். அகன்ற இடுப்பு, தகப்பன் கொடுத்தது. கல்லும் முள்ளும் மிதித்தாலும் தேயாத கருங்குளம்பு, தாய் கொடுத்தது. ஆகஸ்டு வெயிலில் ஜனுவாரியோவின் சுத்த வெள்ளை மாடுகள் நாக்கைத் தள்ளிக்கொண்டு நிழலில் கிடக்க, இவை முள்செடியை மேய்ந்துகொண்டே திரிந்தன. வளர்ந்து கன்று போட்ட பிறகு பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் மடி நிறையப் பால். அடடா, சாகடித்த காளை இதையும் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறதா என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. அவற்றின் நிறத்தைப் பார்த்து ஜனுவாரியோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏம்மா தியோலிந்தா, மாட்டு மேல காப்பியைக் கொட்டிட்டியா, இல்ல காப்பியில மாட்டை முக்கிட்டியா?" என்பார். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். சந்தர்ப்பம் வரும் என்று தெரியும், வந்தது. போன வருஷம் ஜனவரியில் அவருடைய கிழட்டு வெள்ளைக் காளை மார்க்கேஸைக் கசாப்புக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். ஓக் காய் தின்று கொழுத்த நம் கறுப்புப் பன்றி இரண்டைக் கொடுத்து அவனை நான் வாங்கிக்கொண்டேன். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? உங்கண்ணன் பட்டது பத்தாதா?" என்று கேட்டார். பன்றியை மட்டும் மறக்காமல் ஓட்டிக்கொண்டு போனார்.

இப்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை எழுதியதைவிட இதை எழுதத்தான் கை வரவில்லை.

மார்க்கேஸ் வருவதற்கு முன்னால் நானும் இவரும் மேய்ச்சல் நிலத்தின் நடுவே வேலி போட்டோம். ஒரே மணி, ஒரே மந்தை என்று அப்பா வைத்த சட்டத்தை உடைத்தோம். இளங்கிடாரிகளும் கிழ மாடுகளும் சிவப்புக் காளையோடு ஒரு பக்கம். அமோராவும் மற்ற எட்டும் மார்க்கேஸோடு மறுபக்கம். தாய்களும் மகள்களும் வேலிக்கு இரு பக்கமும் நின்று மூன்று நாள் கத்தின. எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் செய்ய வேண்டியது அதுதான், அண்ணா. பெரிய காளையைப் பெரிய இடுப்புள்ளவளோடு விட வேண்டும். சின்னப் பெண்ணையும் கிழவியையும் அவன் பக்கமே விடக் கூடாது. அவ்வளவுதான் வித்தை.

இதை நீ எண்பத்து மூன்றிலேயே சொன்னாய். காளை வந்து இறங்கிய அன்று, கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "தியோ, சின்னதுகளையும் கிழடுகளையும் தனியா பிரிச்சு விட்டுடலாமா?" என்று என்னிடம் கேட்டாய். "மந்தையைப் பிரிச்சா அப்பா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்து உன்னை அறைவார்" என்று கத்தியவள் நான். நீ வாயை மூடிக்கொண்டாய். மூன்று மாடு போனபோது ஊரே உன்னைத் தூற்றியது, லியோனெலின் பேராசை என்று பேசியது. நான் பக்கத்திலேயே நின்றேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நீயும் யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே அண்ணா, ஏன் கொடுக்கவில்லை?

சரி, அழுதுவிட்டு வந்துதான் மறுபடி எழுதுகிறேன். மை கலைந்த இடத்தைப் பார்த்து அண்ணியிடம் ஏதும் சொல்லாதே.

போன நவம்பரில் ஈற்றுக்காலம் தொடங்கியது. அமோராவுக்கு ஒரு காலை நேரத்தில் வலி எடுத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. கயிறு, வெந்நீர், எண்ணெய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளுடைய தாய் விழுந்த அதே மேட்டில்தான் போய் நின்றாள், வேறு இடமே கிடைக்காத மாதிரி. கால் தெரிந்ததும் நான் கும்பிட ஆரம்பித்தேன். ஜெபம் பாதிகூட முடியவில்லை. கன்று புல்லில் விழுந்தது, அவள் திரும்பி நக்கினாள், "நீ எதுக்குடி இங்க?" என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கொண்டுபோன கயிறு சுருள் பிரியவே இல்லை. ஒன்பதும் அப்படியே. வேலிக்கு அந்தப் பக்கம் சிவப்புகள் பதினான்கும் ஈன்றன. ஒரு தாய் போகவில்லை, ஒரு கன்று போகவில்லை. நான் பிறந்ததிலிருந்து நம் நிலத்தில் அப்படி ஒரு வருஷம் இருந்ததில்லை.

சந்தைக்கு வருகிறேன். காலையில் நம் கன்றுகள் இறங்கியபோது ஜனுவாரியோ, "என்ன, மாடு ஓட்டிக்கிட்டு வந்தியா, ஆடு ஓட்டிக்கிட்டு வந்தியா?" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி விசாரித்தார். எடை சொன்னதும் முகத்தில் ஈயாடவில்லை. இயந்திரம் சரியில்லை என்று சண்டை பிடித்து இரண்டாம் முறை ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள். ஏழு கிலோ ஏழு கிலோவாகவே நின்றது. கடைசியில் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொல்லு. இதுகளுக்கு அப்பன் யாரு?" என்றார். இந்த ஒரு கேள்விக்காக நான் எட்டு மாதம் காத்திருந்தேன். சந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "உங்க மார்க்கேஸ்தான், ரெண்டு பன்னிக்கு வித்தீங்களே! உங்க கன்னுகளுக்கும் மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் அவன்தானே அப்பன்? அப்பன் உங்களுது, ஆனா அம்மா எங்க லியோனெல் உண்டாக்கின கலப்பு."

ஆமாம், உன் பெயரைச் சொன்னேன். அத்தனை பேர் நடுவே மார்தட்டிச் சொன்னேன். அந்தக் காளையை எண்பத்து மூன்றிலேயே கொண்டு வந்தவன் என் அண்ணன், பிரித்து மேய்க்கச் சொன்னவனும் அவன்தான், கேட்காதவள் நான், செத்த மூன்று மாடும் என் கணக்கில் சேரட்டும் என்றேன். பிறகு ஜனுவாரியோ தொப்பியைத் தூக்கினார். "அவன் எப்ப வர்றான்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

எட்டுக் கன்றுகளைக் கொடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி ஓட்டி வந்தோம். அமோராவின் பெண். கன்றுகளை எவோரா வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டு, அடுத்த ஜூனுக்கும் இப்போதே பேசி வைத்திருக்கிறார். விலை விவரமெல்லாம் இவர் தனியாக எழுதுவார். எனக்கு எடை போதும். தைல மரக் கம்பெனிக் காகிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். மன்னிக்கவும், அதில்தான் உனக்கு அனுப்பும் தொத்திறைச்சியைச் சுற்றியிருக்கிறேன். எண்ணெய் இறங்கியிருந்தால் கையெழுத்துப் போடும் இடம் தெரியாது.

கடைசியாக ஒன்று. சிவப்பு மந்தைக்கு ஒரு சின்ன மணி வாங்கிக் கட்டிவிட்டேன். அமோராவின் மந்தைக்குக் கட்டவில்லை. அவள்தான் முன்னால் போகிறாள், மற்றவை மணியில்லாமலே பின்தொடர்கின்றன. இவர் அல்காசொவாஷ் மணிக் கொல்லர்களிடம் புதிது செய்து வாங்கலாம் என்றார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். மணிமாட்டின் மணி அவள் மகளுக்குத்தான் போக வேண்டும், கழற்றிய கைதான் திரும்பக் கட்ட வேண்டும். அப்பாவின் ஒரு சட்டத்தை உடைத்தேன், இதை உடைக்க மாட்டேன். அந்த மணி உன்னிடம்தான் இருக்கிறது. நாக்கில் துணி சுற்றி, சத்தம் வராமல், கட்டிலுக்கடியில் பெட்டியில் வைத்திருக்கிறாயாம். அண்ணி சொன்னாள், அவளைத் திட்டாதே.

எட்டு ஆகஸ்டு போய்விட்டது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிற கார்கள் நம் பாதையில் புழுதி கிளப்பும்போதெல்லாம் நான் வாசலுக்கு ஓடி, எண் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். இந்த ஆகஸ்டில் என்னை அப்படித் திரும்பி உள்ளே போக வைக்காதே. அமோரா கழுத்தை எளிதில் யாருக்கும் கொடுக்க மாட்டாள், இவருக்குக்கூட முட்டுதான் கிடைக்கும். அந்தக் கோட்டில் மிச்சமிருப்பதை எடுத்துத் துவைக்காமல் வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு அவள் எதிரே போய் நில். கழுத்தை நீட்டுவாள்.

தேவமாதா உன் இடுப்பையும் அண்ணியின் ரத்தக்கொதிப்பையும் அவ்வளவு தூரக் கார்ப் பயணத்துக்குத் தாங்கும்படி வைக்கட்டும். மணியின் நாக்கில் சுற்றிய துணியை எல்லை தாண்டியதும் அவிழ்த்துவிடு. நீ திருப்பத்தில் வரும்போதே எனக்குக் கேட்க வேண்டும்.

விற்காததற்கு வருந்தாத, பேசாததற்கு வருந்துகிற,
உன் தங்கை
தியோலிந்தா