கொடியில் தொங்கும் கோட்டு

டிசம்பர் 3

வாலுவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். சூரியனுக்குத்தான் உடம்புக்கு ஆகவில்லை போல, நாலரை மணிக்கே மலைக்குப் பின்னால் படுத்துவிடுகிறது. இந்தக் குளிரில் பாலர் பள்ளிப் பிள்ளைகளை வெளியே விட முடியவில்லை. திரைகளை இழுத்துவிட்டு, ஆளுக்கொரு டார்ச்சும் கலர்க் கண்ணாடித்தாளும் கொடுத்தேன். சிவப்புத்தாள் மேல் நீலத்தை வைத்ததும் சுவர் இருண்டுபோக, "டீச்சர், கலர் செத்துப்போச்சு!" என்று ஒரு பொடியன் அழுதே விட்டான்.

வீட்டிலும் அதே கூத்துதான். உங்கள் பழைய கோட்டைக் கொடியில் மாட்டி, மேலே தொப்பியை வைத்து டார்ச் அடித்தேன். சுவரில் அச்சு அசலாக நீங்கள்! "டார்ச் கிட்ட போனா அப்பா பெருசாயிடுறாரும்மா" என்று வாலு தானே கண்டுபிடித்தாள். இரண்டு வயதில் கடைசியாக உங்களைப் பார்த்தவள். மாதக் கடைசியில் வந்துவிடுவீர்கள்தானே?

வாலுவின் அம்மா

டிசம்பர் 20

டீச்சரம்மாவுக்கு,

கோபிக்காதே. கிளம்பத்தான் இருந்தேன். "நீ இல்லேன்னா கிரேன் நின்னுடும்பா" என்றார் சூப்பர்வைசர். உச்சி குளிர்ந்துபோய்த் தலையாட்டிவிட்டேன். பிப்ரவரியில் கட்டாயம் வருகிறேன். அதுவரை நிழல் அப்பா பார்த்துக்கொள்ளட்டும். என்னைவிட நல்லவன், குறட்டை விடமாட்டான்.

வாலுவின் அப்பா

ஜனவரி 11

வாலுவின் அப்பாவுக்கு,

சிரிப்பு வரவில்லை. போனில் உங்களோடு பேசச் சொன்னால், "அப்பா இங்கதானே இருக்காரு" என்று சுவரைக் காட்டுகிறாள். கோட்டை எடுத்து ஒளித்துவைத்தேன். சாப்பிடாமல் அழுது தீர்த்தாள், திரும்ப மாட்டிவிட்டேன். நான்தானே இதை ஆரம்பித்தேன், யாரை நோவது? பிப்ரவரி வரை இழுக்காமல் வாருங்கள்.

வாலுவின் அம்மா

மார்ச் 2

டீச்சரம்மாவுக்கு,

நல்லபடியாக வேலையிடத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

வீட்டில் இருந்த அந்த ஒரு வாரமும் வாலு என்னிடம் ஒட்டவே இல்லை, உனக்கே தெரியும். கடைசி நாள் சாயங்காலம், நீ அடுப்படியில் இருந்தபோது, எனக்கு ஒரு யோசனை. கோட்டைப் போட்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு, டார்ச்சுக்கு முன்னால் நின்றேன். சுவரில் அவளுடைய அப்பா வந்துவிட்டார். கையை நீட்டி, "வாடா செல்லம்" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அது எங்க அப்பா கோட்டு. கழட்டுங்க."

கழற்றி, தொப்பியோடு திரும்பக் கொடியிலேயே மாட்டிவிட்டேன்.

நான் அங்கே இருந்த வாரம் இங்கே வேறொருவன் கிரேன் ஓட்டியிருக்கிறான். வேலை ஒன்றும் நின்றுவிடவில்லை. இதற்காகவா டிசம்பரை விட்டேன்? அவனையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் ஒரேயடியாக வந்துவிடுவேன்.

கோட்டை எடுத்துவிடாதே, கொடியிலேயே இருக்கட்டும். அவசரத்தில் தொப்பியைக் கோணலாக வைத்துவிட்டேன், இன்னும் அப்படியே இருந்தால் சரிசெய்துவிடு.

கிரேன்காரன்