உன் வீட்டுக்கும் வந்த சாம்பல் சட்டை

தலைவரே,

திங்கட்கிழமை காலை வெள்ளைகேட்டில் எங்கள் வேன் நின்றபோது ஒரு பெண் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அவள் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையிலிருந்து எண்ணெய் வாடை வந்தது. பிரஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் தகட்டில் தடவுவோமே, அந்த எண்ணெய். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அது உன் பை. "நல்லாக்கீறீங்களாண்ணே?" என்று திரும்பிக் கேட்டது உன் மனைவி. உடம்பில் சாம்பல் சட்டை, காலர்கூட இன்னும் மடங்காத புதுச் சட்டை. "இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுங்குவார்சத்திரம் வரும்வரை என்னால் முன்பக்கம் பார்க்க முடியவில்லை.

நம் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை, காண்ட்ராக்ட்காரனுக்குச் சாம்பல். நீலத்துக்கு ஏசி பஸ், சாம்பலுக்கு வேன். கார்க் கதவுக்குத் தகடு அடிக்கிற ஒரே பிரஸ்ஸில் நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். ஆயுத பூஜை அன்று மெஷினுக்கு மாலை போட்டு முடித்ததும் உனக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும், எனக்குப் பொரிப் பொட்டலம் வரும். நீ அந்தப் பாக்ஸை தாமலில் இருக்கிற உன் வீட்டுக்குக் கொண்டுபோனதே கிடையாது. எங்கள் வேனில் ஏறி, "இந்தாங்கபா, எடுங்க, மொதலாளி வூட்டு ஸ்வீட்டு" என்று ஒரு சுற்று நீட்டிவிட்டு வெறும் அட்டையோடு இறங்குவாய். "சங்கத்துல பேசி எங்களுக்கும் ஒரு பாக்ஸ் வாங்கித் தர்றதுதானே தலைவரே?" என்று நான் கேட்டால் மட்டும் உனக்குக் காது கேட்காது.

நான் உன்னைத் தலைவரே என்று கூப்பிட்டது மரியாதையில் இல்லை, கிண்டலில்தான். உனக்கும் அது தெரியும். பஸ் வரும்வரை டீக்கடையில் நாம் போட்ட சண்டைக்குக் கடைக்காரரே நடுவராக இருந்தார். சங்கம் என்பது உள்ளே இருக்கிறவன் கதவைச் சாத்திக்கொள்ளக் கண்டுபிடித்த தாழ்ப்பாள் என்பேன் நான். "கதவே இல்லாத வூட்ல நீ இருந்ததில்லபா, அதான் இப்படிப் பேசிக்கினு இருக்கற" என்பாய் நீ. சங்கம் வருவதற்கு முன் சூப்பர்வைசர் ஆளைக் காலரைப் பிடித்து இழுத்த கதையை அப்போதுதான் சொல்வாய். கழிப்பறைக்குப் போகக் கையை உயர்த்திக்கொண்டு நின்ற கதையையும் சொல்வாய். உடனே டீ ஆறிவிட்டது என்று சொல்லி நான் பேச்சை மாற்றுவேன்.

சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் நாம் போட்டதுதான் பெரிய சண்டை. கேட் வாசலில் நீங்கள் சரவெடி வெடித்தீர்கள், உன் கழுத்தில் மாலை போட்டார்கள். நான் உள்ளே போய் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு வந்தேன். உங்கள் சம்பளத்தை ஏற்றிக் கொடுப்பதற்கு நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: இனிமேல் பிரஸ் ஷாப்புக்கு வருகிற புது ஆள் எல்லாரும் காண்ட்ராக்டில்தான் வருவார்கள். சங்கக் கமிட்டி அதை ஒத்துக்கொண்டது. கீழே வரிசையாகக் கையெழுத்துகள், அதில் உன்னுடையதும் இருந்தது.

"இனிமே வர்றவன் யாருன்னே தெரியாது. மூஞ்சி தெரியாதவனுக்காக, இருக்கறவன் சோத்துல மண்ணைப் போடறதா?" என்று நீ கேட்டாய்.

"வராதவன் வந்து உன் சட்டையைப் புடிக்க மாட்டான். அதான் உனக்கு வசதி" என்றேன். நீ டீயைக் குடிக்காமலே பஸ் ஏறினாய். ஒரு வாரம் பேச்சில்லை. நம் நட்பில் அது பெரிய இடைவெளி.

பேச்சைத் திரும்ப ஆரம்பித்து வைத்தது என் கை. உற்பத்தி குறைகிறதென்று, கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சாரை அணைத்து வைத்திருந்தார்கள். என் இரண்டு விரல் நுனியும் தகட்டோடு போனது. வலியைவிட அந்தச் சத்தம்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காண்ட்ராக்டர் ஆள் ஓடி வந்து, பின்வாசலில் நின்ற தன் காரில் என்னை ஏற்றப் பார்த்தான். தெரிந்த கிளினிக்கில் கட்டுப் போட்டு, வீட்டில் அடிபட்டதாகச் சொல்லச் சொல்வார்கள். அதுதான் அங்கே வழக்கம். நீ சிவப்புப் பொத்தானை அடித்தாய். மொத்த லைனும் நின்றது. "ஆம்புலன்ஸ் முன்வாசல்ல வந்து நின்னாத்தான் லைன் ஓடும். உள்ள அடிபட்டவன் உள்ள இருந்துதான் போவான்" என்று நீ கத்தினது மயக்கத்திலும் எனக்குக் கேட்டது. நீலச் சட்டைகள் எல்லாம் உன் பின்னால் தரையில் உட்கார்ந்தன. விபத்து விபத்தாகவே பதிவானது. ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்தியம் கிடைத்தது.

உன்னை சஸ்பெண்ட் செய்தார்கள். சங்கம்தான் போராடி உன்னை உள்ளே கொண்டுவந்தது. அதே சங்கத்தின் ஆபீசில், ஒரு காண்ட்ராக்ட்காரனுக்காக லைனை நிறுத்தினாயா என்று உன்னைக் கிழி கிழி என்று கிழித்தார்களாம். நீ எனக்குச் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு உன் பின்னால் தரையில் உட்கார்ந்தவர்களும் அதே சங்கத்துக்காரர்கள்தான். சங்கம் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் திக்குவது இதனால்தான்.

கை ஆறி நான் திரும்பி வந்தபோது நீ வேறு ஆளாக இருந்தாய். காண்ட்ராக்ட்காரர்களையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் வைத்தாய். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். நான் எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். நீ வெளியே வந்த நடையிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"எல்லாரும் நல்லவங்கதான்பா. பயந்துட்டாங்க. உங்களச் சேத்தா எங்களுக்கும் சாம்பல் சட்டை வந்துடுமோன்னு பயம்."

"உனக்குப் பயமில்லையா?"

"இருந்துச்சி. பயத்துலதான அந்தக் கையெழுத்தே போட்டேன்."

அதற்குமேல் நான் உன்னைக் கிண்டல் செய்யவில்லை. ஏதாவது சொல்லி உன்னைச் சிரிக்க வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கொஞ்ச நாள் கழித்து, கம்பெனி பஸ்ஸில்தான் உனக்கு நெஞ்சு வலித்தது. பின்னால் வந்த எங்கள் வேனிலிருந்து, உங்கள் பஸ் சட்டென்று ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புவதைப் பார்த்தோம். டிரைவர் வழி மாறிவிட்டார் என்று சிரித்தோம். உன்னைத்தான் கொண்டுபோகிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? தாமலில் உன் மேல் கொடி போர்த்தினார்கள். முழக்கம் போட்டவர்கள் நிஜமாகவே அழுதார்கள், நான் பார்த்தேன். எங்கள் வேன்காரர்கள் பாதிப் பேருக்கு லீவு கிடைக்கவில்லை. வந்தவர்கள் ஏரிக்கரையில் தள்ளி நின்றோம். பக்கத்தில் போய் உன் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். வரிசை நீலமாக இருந்தது, நான் போகவில்லை.

உன் மனைவிக்கு வேலை வேண்டும் என்று சங்கம் விடாமல் கேட்டது. கறுப்பு பேட்ஜ் குத்தினார்கள், கேட்டில் கூட்டம் போட்டார்கள். வேறு எந்தக் கம்பெனியிலும் செத்தவன் பெண்டாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வேலை கிடைத்தபோது கூட்டம் கூட்டி அவளுக்குச் சால்வை போட்டார்கள், வெற்றி வெற்றி என்று முழங்கினார்கள். ஆர்டர் கையில் வந்த பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. பிரஸ் ஷாப்புக்குப் புதிதாக வருகிற ஆள் காண்ட்ராக்டில்தான் வர முடியும். காண்ட்ராக்டில் வருகிறவள் சங்கத்தில் உறுப்பினராக முடியாது. இரண்டுமே அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. சால்வை போட்ட செயலாளர் இப்போது அவளைப் பார்த்தால் போனில் பேசுகிற மாதிரி நடந்துபோகிறார்.

இந்த நாலு நாளும் அவள் கண்ணில் படாமல் நான் பின்சீட்டிலேயே உட்கார்ந்தேன். இன்று அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லணும். நீலச் சட்டை ஏன் தரலன்னு ஆபீஸ்ல கேட்டேன். ஒப்பந்தம் அப்படிம்மா, உங்க வூட்டுக்காரரே கையெழுத்து போட்டுக்கீறாருன்னு சிரிச்சிக்கினே சொல்றான். நெஜமாண்ணே?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. நீ இருந்திருந்தால் மறைக்க விட்டிருக்க மாட்டாய்.

"ஆமாம்மா. போட்டான்."

அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என் கையைக் காட்டினேன். நீ லைனை நிறுத்தினதைச் சொன்னேன். மண்டபத்தில் நீ வைத்த தீர்மானத்தையும் அது தோற்றதையும் சொன்னேன். வீட்டில் நீ எதையுமே சொல்லியிருக்கவில்லை.

"அன்னிக்கி மண்டபத்துல அந்தத் தீர்மானத்துக்கு அவரு கை தூக்கினாராண்ணே?"

"அவன்தான்மா மொதல்ல தூக்கினான்."

அவள் அழுதாள். "கையெழுத்து போட்டதும் அவரு, கை தூக்கினதும் அவரு. எதை நெனச்சிக்கினு நான் அழறதுண்ணே?"

எனக்குத் தெரியவில்லை, தலைவரே. நானும் அழுதேன். முன்சீட்டுப் பையன்கள் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரகடம் கிட்டே வரும்போது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அடுத்த பொதுக்குழு எப்பண்ணே?"

"ஞாயித்துக்கிழமைதான். நம்மள உள்ள வுட மாட்டாங்கம்மா."

"வாசல்ல நிக்கறதுக்கு யாரக் கேக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். வேனிலிருந்து இன்னும் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வந்தால் பார்க்கலாம். சங்கத்தின் மேல் எனக்கு இன்றும் நம்பிக்கை கிடையாது. சங்கமே இல்லாத இடத்தில் வேலைக்குப் போகவும் எனக்குத் தைரியம் கிடையாது. வேனில் பையன்கள் சங்கமெல்லாம் வேஸ்ட்டு என்றால் உன் பதிலை எடுத்துச் சொல்கிறேன். நீலச் சட்டைக்காரன் யாராவது சங்கத்தைத் தூக்கிப் பேசினால் என் பழைய பதிலைச் சொல்கிறேன். இரண்டு பேர் போட்ட சண்டையை ஒருத்தனாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். களைப்பாக இருக்கிறது.

மண்டப வாசலில் நிற்கும்போது, "அவரு இருந்திருந்தா இன்னா செஞ்சிருப்பாரு?" என்று அவள் நிச்சயம் என்னைக் கேட்பாள். கமிட்டி மேஜையில் உட்கார்ந்தபடி எங்களைப் பார்க்காத மாதிரி இருந்திருப்பாயா, எழுந்து வெளியே வந்திருப்பாயா? இத்தனை வருஷம் பழகியும் எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்திருப்பாய் என்றுதான் அவளிடம் சொல்லப்போகிறேன்.