மான் வந்தால் இருமுவதா

கிள்ளான்,
ஐப்பசி இரண்டாம் வாரம், வியாழக்கிழமை

அன்பு மகள் ரோகிணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே மழைச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறது. நீயும் எரிக் மாப்பிள்ளையும் அமெரிக்கக் குளிரைத் தாங்கிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். முதலில் உறுதியான செய்தி. நேற்றுக் காலை செலாயாங் மொத்தச் சந்தையில், மீன் உறைய வைக்கும் அறைக்குள், சுழியத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில், உன் அப்பா ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தகவல் தந்தவர் அறையின் சொந்தக்காரரும் என் பழைய சிநேகிதருமான ஷாஹுல் ஹமீது. அம்மா நம்பவில்லை. குளிரை நம்பிவிட்டாள், வாயைத் திறக்காததைத்தான் நம்பவில்லை. ஷாஹுலுக்கே போன் போட்டாள். "சத்தியமா அண்ணி, நானே ரெண்டு தடவ கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தேன், மூச்சு விடறாரான்னு" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சுக்குக் காப்பி கிடைத்தது.

ஆகஸ்டில் நீ போனில் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் திருப்பி எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து, இது பத்திரிகைத் தொழில் பழக்கம், விடமாட்டேன் என்கிறது. எரிக்கின் அப்பா லாய்ட் விஸ்கான்சினில் மாட்டுப்பண்ணை நடத்தி ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர், தன் மாவட்டத்தை விட்டு வெளியே போவதே அபூர்வம். தை மாதம் கிள்ளானில் நடக்கிற உங்கள் கல்யாணத்துக்கு வருகிறீர்களா என்று நீ கேட்டதற்கு ஒரு வாரம் யோசித்துவிட்டு அவர் சொன்ன பதில் இது: பெண்ணின் அப்பா நவம்பரில் இங்கே வந்து என்னோடு மரத்து மேல் கட்டிய மான் வேட்டைப் பரணில் ஒரு நாள் உட்காரட்டும், பிறகு நான் அங்கே வந்து அவர்கள் சொல்கிற இடத்தில் உட்காருகிறேன். துப்பாக்கி அவர் கையில். எனக்கு வேலை உட்காருவதும் பேசாமல் இருப்பதும். எரிக்குக்கு அவரைத் தவிர வேறு உறவு இல்லை என்பதால், நான் அந்தப் பரணில் சொதப்பினால் தை மாதம் மணமேடையில் மாப்பிள்ளை பக்கம் நிற்க ஆளே இருக்காது. அதை நினைத்துத்தான் அம்மா இந்தக் கூத்துக்கெல்லாம் சம்மதித்திருக்கிறாள்.

அவர் அனுப்பிய பார்சல் புரட்டாசி பிறந்த இரண்டாம் நாள் வந்து சேர்ந்தது. கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை, என் காலைவிட இரண்டு அளவு பெரிய பூட்ஸ், உள்ளங்கையைச் சூடாக்கும் பொட்டலங்கள், சின்னதாக ஒரு கண்ணாடிப் புட்டி. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த முதல் பொருள் என்பதால் அம்மா அத்தனையையும் தாம்பாளத்தில் வைத்துச் சாமி மேடையில் ஏற்றி, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினாள். நான் மூன்று நாள் கழித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புட்டியின் லேபிளைப் படித்தேன். இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெண் மானின் மூத்திரம். பரணைச் சுற்றித் தெளித்தால் ஆண் மான் தேடி வருமாம். புதிதாக மோப்பம் பிடிக்கிறவர்களுக்குத் தும்மல் வரும், முன்கூட்டியே மோந்து பழகிக்கொள்ளவும் என்று லாய்ட் கைப்பட எழுதிய துண்டுச்சீட்டும் கூடவே இருந்தது. அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிரகப்பிரவேசத்துக்குக் கோமியம் தெளிக்கிறோம், அது மட்டும் என்ன பன்னீரா? இதுவும் பொம்பள மிருகத்தோடதுதானே, இருக்கட்டும் விடுங்க" என்று சொல்லிவிட்டாள். புட்டி இன்னும் சாமி மேடையில், கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தினமும் குளித்துவிட்டுத் திறந்து ஒரு தடவை மோந்துகொள்கிறேன். முதல் வாரம் தும்மினேன். இப்போது இல்லை.

பூட்ஸ் காலுக்குப் படிய வேண்டும் என்று காலையில் அதையும் மேல்சட்டையையும் போட்டுக்கொண்டு நம் தாமான் வீடுகளைச் சுற்றி நடக்கிறேன். மூன்றாவது சந்தில் புதிதாகக் குடிவந்த பழனியப்பன் என்னை நகராண்மைக் கழகத்து ஆள் என்று நினைத்துவிட்டார். "அண்ணே, வாங்க வாங்க, ஒரு மாசமா லோங்காங் அடைச்சிக் கெடக்கு, கொசு புடுங்குது, இப்பத்தான் ஆள் அனுப்பினாங்களா?" என்று கையைப் பிடித்துச் சாக்கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். நான் மான் வேட்டைக்குத் தயாராகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். "சரிண்ணே, அதுக்கு முன்னால இத மட்டும் பார்த்துட்டுப் போங்க லா" என்றார். அடைப்பு உண்மைதான். புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

துணியில் மனித வாடை இருந்தால் மான் அந்தப் பக்கமே வராது, வேட்டை உடுப்பைக் காய்ந்த இலைகளோடு பையில் கட்டி வைக்க வேண்டும் என்று லாய்ட் மின்னஞ்சலில் எழுதியிருந்தார். நான் அதை அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டேன். அதுதான் தப்பு. அவள் கொல்லையில் இருந்த கறிவேப்பிலையையும் வேப்பிலையையும் நிழலில் காயவைத்து, பூச்சி வராமலிருக்க நாலு மிளகாய் வற்றலும் போட்டுக் கட்டி வைத்துவிட்டாள். என்ன இலை என்று அவர் சொல்லவில்லையே என்பது அவள் வாதம், அதில் தவறு காண முடியவில்லை. இப்போது அந்தச் சட்டையைப் போட்டால் தாளித்துக் கொட்டின மாதிரி மணக்கிறது. விஸ்கான்சின் மானுக்கு மனித வாடை தெரியாது, ரசம் வருவது தெரியும்.

குளிர்ப் பயிற்சியும் புரட்டாசியில் சிக்கிக்கொண்டது. ஷாஹுல் அப்போதே மீன் அறையைத் தருவதாகச் சொன்னார். விரத மாதத்தில் மீனோடு உட்காரக்கூடாது, வாசனையும் பட்டினிக்குச் சேராது என்று அம்மா தடை போட்டுவிட்டாள். அதனால் ஒரு மாதம் பக்கத்துக் கடையின் காய்கறி அறையில் முட்டைக்கோசுகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். அது வெறும் நாலு டிகிரி, குளிரே இல்லை, தூக்கம்தான் வந்தது. புரட்டாசி முடிந்ததும் மீன் அறைக்கு மாறினேன். அங்கே சாதிக் என்று இராமநாதபுரத்துப் பையன், வேலை பெர்மிட்டில் வந்திருப்பவர், கதவுப் பொறுப்பு அவருடையது. முதல் நாள் அவரிடம் சொந்த ஊர், கடல் தொழிலை விட்ட காரணம், முதலாளி எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. ஷாஹுல் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "என்னண்ணே, குளிர் பழக வந்தீங்களா, பேட்டி எடுக்க வந்தீங்களா? அந்த அமெரிக்காக்காரர் முதல் கேள்வியிலயே உங்கள மரத்துலேர்ந்து தள்ளி விட்டுருவாரு." அடுத்த நாள் சாதிக்கை மானாக நடிக்கச் சொன்னோம். பெட்டிகளுக்கு நடுவே அவர் சத்தமில்லாமல் நடப்பார், நான் தலையைத் திருப்பக்கூடாது. ஆண் மானா பெண் மானா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி நடப்பேன் என்று நிபந்தனை வைத்தார். ஆண் மான் என்றேன். இறால் பெட்டியில் முட்டிக்கொண்டு வந்தார், கேட்டால், "பொண்ணு பின்னால போறவன் எங்கண்ணே கீழ பார்க்கப் போறான்" என்கிறார். அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். படித்ததை வீட்டில் சொன்னதில்தான் வினை தொடங்கியது.

இராச்சாப்பாட்டின்போது அம்மாவிடம் விளக்கினேன். இந்தப் பருவத்தில் ஆண் மான் தீனியை மறந்து, தூக்கத்தை மறந்து, பெண் மானின் வாசனையைப் பிடித்துக்கொண்டு மூக்கைத் தரையில் வைத்தபடி வரும், மற்ற மாதங்களில் இலை அசைந்தாலே ஓடுகிற பிராணி அப்போது எதிரே ஆள் இருப்பதையும் கவனிக்காது, அதனால் வேட்டைக்குத் தோதான காலம் என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப பொண்ணு தேடி வர்ற மாப்பிள்ளைய மரத்து மேல ஒளிஞ்சிருந்து சுடறீங்க." சுடுவது லாய்ட், நான் பக்கத்தில் என்றேன். "பக்கத்துல வாய மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கறது யாரு? நம்ம பொண்ணத் தேடியும் ஒருத்தன் வரான். அவன் கழுத்துல மாலை விழறதுக்கு முன்னால, அவன் அப்பா கையால இன்னொரு மாப்பிள்ளை சாகணுமா?" அமைச்சர்களின் பத்திரிகையாளர் கூட்டங்களில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான், அப்படியொரு கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை. அம்மா அதோடு விடவில்லை. வள்ளியைப் பெற்றதே ஒரு மான், அந்த வள்ளி பரணில் உட்கார்ந்து தினைப்புனம் காத்தாள், வேலாயுதம் என்று பெயர் வைத்துக்கொண்டு நீங்கள் அதே மாதிரிப் பரணில் உட்கார்ந்து மானைக் கொல்லத் துணை போகலாமா என்றாள். மறுநாள் கோவிலில் குருக்களிடம் கேட்டோம். அவர் இரண்டு பக்கத்துக்கும் நோகாமல், மரத்தில் உட்காருவதில் தோஷமில்லை, மான் தானாக ஓடிவிட்டால் யாருக்கும் பாவமில்லை என்றார். அம்மா வாசல் தாண்டுவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டாள். "தானா ஓட வைங்க. மான் வந்தா இருமுங்க." வீட்டுக்கு வந்து சாமி மேடை முன்னால், அந்தப் புட்டிக்கும் முன்னால், கற்பூரத்தைக் கொளுத்தி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பரணில் மூச்சுச் சத்தம்கூட வராது என்று லாய்டுக்கு ஏற்கெனவே எழுத்தில் கொடுத்தாகிவிட்டது.

மூன்று நாள் யோசித்தேன். ஒருவருக்குக் கொடுத்த வாக்கை இன்னொருவரிடம் மறைத்துக்கொண்டு, நாளைக்குச் சம்பந்தியாகப் போகிற மனிதரின் பக்கத்தில் எப்படி உட்காருவது. உன்னைக் கேட்காமல் லாய்டுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மாப்பிள்ளை வாதம், வள்ளி, குருக்கள், கற்பூரம், ஒன்றையும் விடவில்லை. அன்றைக்கு மான் வந்தால் எனக்கு இருமல் வரக்கூடும், அது நோயினால் அல்ல என்று முடித்தேன். அனுப்பிய பிறகுதான் விளைவை எண்ணிப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் என் பயணம் போய்விடும், அவர் வருவதும் போய்விடும், எரிக் தனியாக மேடையில் நிற்பான், உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன். இந்தக் கடிதத்தையே அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், சொல்லத் தயங்கி இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

மேலே உள்ளதை எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பதில் வந்திருக்கிறது. அவர் எழுதியதை ஒரு சொல்லும் கூட்டாமல் தமிழில் தருகிறேன். "பரணில் நீங்கள் உட்காரப் போகிற நாற்காலியில் என் மனைவி மார்கி ஒவ்வொரு வருடமும் என்னோடு உட்கார்ந்தாள். நல்ல மான் வரும் சமயம் பார்த்துத் தும்முவாள். வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். எனக்குத் தெரியாது என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். தடித்த காலுறை கொண்டு வாருங்கள்." அம்மா என்னை இரண்டு தடவை படிக்க வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுமங்கலியாப் போனவங்க. கல்யாணத்துக்கு முன்னால அவங்களுக்குச் சேலை வச்சுக் கும்பிடணும். என்ன கலர் பிடிக்கும்னு உடனே கேளுங்க" என்றாள். கேட்டு எழுதிவிட்டேன்.

விசா நேர்காணலும் முடிந்தது. பயண நோக்கம் என்ன என்று கேட்டார் அதிகாரி. ஒருவரோடு மரத்தில் பேசாமல் உட்காரப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். எந்த மாவட்டம் என்று மட்டும் கேட்டார், சொன்னேன், நல்ல இடம் என்று தலையாட்டினார். நீ ராத்திரி காரோட்டும்போது மெதுவாகப் போ, இந்தப் பருவத்தில் மான்கள் ரோட்டைப் பார்க்காமல் கடக்குமாம். எரிக்கிடம் அப்பாவை அடிக்கடி போய்ப் பார்க்கச் சொல், பேசாத மனிதர்களுக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும். எனக்கு வாசனையில்லாத சோப்பு ஒன்று வாங்கி வைக்க மறந்துவிடாதே, திருநீற்றுக்கு மட்டும் லாய்டிடம் அனுமதி கேட்டு வை. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழ வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறோம்.

இனி நிலுவையில் இருப்பவை. விசா ஒட்டிய பாஸ்போர்ட் வரும் செவ்வாய்க்கிழமை கைக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். மார்கி அம்மாளுக்குப் பிடித்த நிறம் லாய்டிடமிருந்து வர வேண்டும், அவர் எழுதும் வேகத்தைப் பார்த்தால் தீபாவளிக்குள் தெரிந்துவிடும். நான் இருமுவேனா என்பது நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை விடியும்போதுதான் தெரியும். நான் என் பையில் எடுத்து வைத்திருந்த, இருமலை அடக்கும் மாத்திரைகளை இன்று சாயங்காலம் அம்மா எடுத்து ஒளித்துவிட்டாள்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
வேலாயுதம்