ஒருத்தர் இருக்கிறார்

மார்ச் 4

வணக்கம்.

பத்தொன்பது வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதறவேண்டாம். மகள் சௌக்கியம், முகவரி அவள் தந்ததுதான்.

வானிலை ஆய்வகத்தில் கழித்துக்கட்டிய நம் ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ஞாபகமிருக்கிறதா? பிரியும்போது நீங்கள் கேட்ட ஒரே பொருள் அது. என்னைக் கேட்கவில்லையே என்ற வீம்பில் நான் தூக்கிவந்துவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாள்தான் திறந்தேன்.

மூன்று மாதம் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக இருந்தேன். ஊதிப்போன கண்டென்சர்களை மாற்றினேன். கடிகாரச் சிப்பின் பேட்டரி செத்து, அதில் பதிந்திருந்த அடையாள எண் அழிந்ததில் தான் யாரென்றே அதற்குத் தெரியவில்லை, அதையும் சொல்லிக்கொடுத்தேன். பிறகு, பேராசைதான், இந்த வருஷம் வந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினேன். முப்பது வயசு மெஷின், திரையில் இரண்டு வரி காட்டிவிட்டுப் படுத்துவிடும் என்று நினைத்தேன். வரி வரியாக ஓடி, டிஸ்க்குக்காகக் கொஞ்சம் காத்து நின்று, என் பெயரைக் கேட்டது.

எப்படி என்று, எல்லாருக்கும் திறந்துவைத்திருக்கும் அதன் நிரலைப் பிரித்துப் பார்த்தேன். இந்த மாடலுக்கென்று நாற்பத்துமூன்று திருத்தங்கள். அத்தனைக்கும் அடியில் உங்கள் பெயர். கடைசித் திருத்தம் போன அக்டோபரில்.

மெஷின் என் ஸ்டோர் ரூமில் இருந்தது. உங்களிடம் என்ன இருந்தது?

இப்படிக்கு,
தூக்கிவந்தவள்

மார்ச் 19

அன்புள்ள உனக்கு,

இடது கண்ணால் ஒரு தடவை, வலது கண்ணால் ஒரு தடவை படித்தேன். இரண்டிலும் புரை.

என்னிடம் ஒரு கையேடும் ஞாபகமும்தான். எந்தச் சிப் எத்தனை நொடியில் விழிக்கும் என்று கண்ணை மூடினால் தெரியும். உன் பிறந்தநாளை மறந்தவனுக்கு இது தெரிவது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஓட்டிப் பார்க்க வழியில்லை. இருட்டில் ஊசி கோர்ப்பதுபோல எழுதி அனுப்புவேன்.

அந்தச் சிஸ்டத்தைச் சேர்ந்து எழுதும் எங்கள் குழுவில் வருஷாவருஷம் கேட்பார்கள்: "இந்த மெஷினை யாராவது இன்னும் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அதற்கான நிரலை நீக்கிவிடலாம்." "ஒருத்தர் இருக்கிறார்" என்று பதில் போடுவேன். நீ எப்போதோ குப்பையில் போட்டிருப்பாய் என்றுதான் நினைத்தேன். அப்படிப் பார்த்தால் இத்தனை வருஷமும் பொய் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சொல்லவில்லை. யாருக்காக என்று தோன்றிவிட்டது. மாதக் கடைசியில் எடுத்துவிடுவார்கள்.

அது எழுந்ததா? நிஜமாகவே எழுந்ததா?

மறதிக்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ள மறதிக்காரருக்கு,

நிஜமாகவே எழுந்தது.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே குழுவுக்கு எழுதினேன்: "அந்த ஒருத்தர் நான்தான். ஓடுகிறது." மறுநாள் காலை யாரோ ஒருவர், "என்னிடமும் இருக்கிறது, தொலைநோக்கியைத் திருப்புகிறது" என்றார். மத்தியானம் ஓர் அச்சகக்காரர். அப்புறம் ஒரு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஐந்து வைத்திருக்கிறாராம். நேற்றுவரை இருபத்தாறு பேர். எல்லாருமே உங்கள் திருத்தங்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒழுங்காக ஓடும் பொருளைப் பற்றி யார் வாயைத் திறக்கிறார்கள்? நீக்கும் பேச்சு நின்றுவிட்டது.

வாத்தியார் கேட்டார்: "இதை எழுதினவர் எத்தனை மெஷின் வைத்திருக்கிறார்?"

"ஒன்றுகூட இல்லை. ஞாபகத்தில் எழுதினார்" என்றேன்.

இவ்வளவு பெரிய ஞாபகத்தின் பக்கத்தில் எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

கண்ணை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மெஷினில் சத்தம் மட்டும் வரவில்லை. அதைக் கடிதத்தில் சரிசெய்ய முடியாது. நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். மூன்றாவது மாடி. படி சரியாகத் தெரியாவிட்டால் கீழேயிருந்தே குரல் கொடுங்கள். நான் இறங்கி வருகிறேன்.

வீம்புக்காரி